உதிர்ந்த முடியைப் படிப்பது எப்படி: முடி வளர்ச்சிச் சுழற்சியின் கணக்கும் காலண்டரும்

சீப்பில் ஒரு கொத்து முடி வந்துவிட்டால் முதல் பழி போன வாரம் மாற்றிய ஷாம்பூவின் மேல் விழும். அடுத்த பழி குளிக்கும் தண்ணீருக்கு. ஆனால் வேர்ப்பக்கத்தோடு கழன்று வந்த முடி, வளர்வதை நிறுத்தியே சுமார் மூன்று மாதம் ஆகியிருக்கும். அதை நிறுத்திய காரணமும் அந்த நாள்களைச் சேர்ந்ததுதான். இந்த இடைவெளி தெரியாததால், சம்பந்தமே இல்லாத பொருளைத் தூக்கி எறிகிறோம். உண்மைக் காரணமான காய்ச்சலையோ கடும் உணவுக் கட்டுப்பாட்டையோ மறந்துபோகிறோம். தானாகவே அடங்கிக்கொண்டிருக்கும் உதிர்வுக்குப் பணம் கொட்டி மருந்து வாங்குகிறோம்.

உதிர்ந்த முடியின் இரு முனைகளையும் பார்த்து அது எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று அறிவது, உதிர்வை ஒழுங்காக எண்ணுவது, காலண்டரைப் பின்னோக்கித் திருப்பிக் காரணத்தைத் தேடுவது: இந்த மூன்றையும் வீட்டிலேயே செய்யலாம். அதற்குமுன் சுழற்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மயிர்க்காலின் வாழ்க்கை

தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உண்டு. எல்லாமே கருவில் இருக்கும்போதே உருவானவை. பிறந்தபின் புதிய மயிர்க்கால் தோன்றுவதில்லை. இருக்கும் மயிர்க்கால்தான் ஒரு முடியை வளர்த்து, நிறுத்தி, உதிர்த்து, அடுத்ததைத் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் தன் போக்கில் சுழல்வதால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு முடிகள்கூட வெவ்வேறு கட்டத்தில் இருக்கும். பருவம் வந்தால் ரோமம் உதிர்க்கும் விலங்குகளைப் போல நாம் மொத்தமாக உதிர்க்காததற்கு இதுவே காரணம்.

வளர்ச்சிக் கட்டத்துக்கு அனாஜன் என்று பெயர். தலைமுடியில் இது 2 முதல் 6 ஆண்டுகள் நீடிக்கும். மயிர்க்காலின் அடியில் வெங்காயம் போலப் பருத்த குமிழ் இருக்கிறது. குமிழின் நடுவே ரத்த நாளங்கள் நிறைந்த பாப்பில்லா என்ற சிறு திசு மேடு. அதைச் சுற்றியுள்ள செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் சேர்ந்தவை. அவை பிரிந்து மேலே தள்ளப்பட்டு, கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, இறந்து இறுகியதுதான் நாம் தொட்டுப்பார்க்கும் முடி. ஒரு நாளைக்கு சுமார் 0.35 மில்லிமீட்டர், மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். முடிக்கு நிறம் ஏறுவதும் இந்தக் கட்டத்தில் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முடி எவ்வளவு நீளம் போகும் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் வளர்ச்சிக் கட்டத்தின் நீளமே. ஆண்டுக்கு 12 சென்டிமீட்டர் என்று வைத்தால், மூன்று ஆண்டு அனாஜன் உள்ளவருக்கு 36 சென்டிமீட்டரில் முடி நின்றுவிடும். ஆறு ஆண்டு உள்ளவருக்கு 72 வரை போகும். இது பெருமளவு பரம்பரையாக வருவது. புருவ முடியும் இமை முடியும் குட்டையாகவே இருப்பதற்கும் இதே கணக்குதான்: அவற்றின் வளர்ச்சிக் கட்டம் ஆண்டுக்கணக்கில் போகாது, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது கேட்டாஜன், அதாவது ஒடுங்கும் கட்டம். இரண்டு மூன்று வாரங்களே. நிறமி உற்பத்தி முதலில் நிற்கிறது. பிறகு செல் பிரிவது நிற்கிறது. மயிர்க்காலின் கீழ்ப்பகுதி திட்டமிட்ட செல் இறப்பால் சுருங்கி மேலே ஏறுகிறது. முடியின் அடிமுனை நிறமில்லாத சிறு குண்டாக இறுகிவிடுகிறது. மேல்பகுதியில், முடியைச் சிலிர்க்க வைக்கும் தசை வந்து ஒட்டும் இடத்தருகே, தண்டுசெல்கள் (புதிய செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்) குடியிருக்கும் மேடு ஒன்று உண்டு. அது மட்டும் அழியாமல் நிற்கும். அடுத்த முடிக்கான வித்து அங்கேதான். எந்த நேரத்திலும் தலைமுடியில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இந்தக் கட்டத்தில் இருக்கும்.

மூன்றாவது, ஓய்வுக் கட்டமான டெலோஜன். இரண்டு முதல் நான்கு மாதம், சராசரியாக 100 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். முடி வளராது, ஆனால் விழவும் விழாது. அடிக்குண்டு கிளிப் மாட்டியதுபோல் பிடித்துக்கொண்டிருக்கும். தலைமுடியில் 10 முதல் 15 சதவீதம் எப்போதும் இப்படி ஓய்வில் இருக்கும்.

முடி பிடியை விட்டுக் கழலும் நிகழ்வை எக்ஸோஜன் என்று தனியாகச் சொல்வார்கள். புதிய முடி கீழிருந்து தள்ளுவதால்தான் பழையது விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கழல்வது அதற்கென்றே உள்ள தனி வேலை. அடிக்குண்டைப் பிடித்திருக்கும் பிணைப்புகள் கரைந்து விடுபடுகின்றன. பல நேரம் அதற்குள் அடுத்த முடி உள்ளே வளரத் தொடங்கியிருக்கும். சில மயிர்க்கால்களில் பழையது விழுந்தபின் புதியது வராமல் கொஞ்ச காலம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி நிலைக்குக் கெனோஜன் என்று பெயர். வழுக்கைப் போக்கு உள்ளவர்களிடம் இந்தக் காலி நிலை அடிக்கடியும் நீண்டும் வரும்.

ஒரு நாளைக்கு 100 என்ற எண் எங்கிருந்து வருகிறது

எல்லோரும் சொல்லும் இந்த எண்ணை நீங்களே கணக்குப் போட்டு எடுக்கலாம். ஒரு லட்சம் முடியில் 10 சதவீதம் ஓய்வில் என்றால் 10,000. ஓய்வு 100 நாள். ஆக, நாளொன்றுக்கு 10,000 ÷ 100 = 100. அடர்த்தி குறைவாக இருந்தாலோ வளர்ச்சிக் கட்டம் நீளமாக இருந்தாலோ 50 ஆகும். அதனால்தான் 50 முதல் 100 என்கிறார்கள்.

இதே கணக்கு உதிர்வு பெருகுவதையும் விளக்கும். ஏதோ ஒரு அதிர்ச்சியால் 30 சதவீத முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போனால், ஓய்வு முடியும் மாதங்களில் தினமும் 300 வரை விழும். இதில் மயிர்க்கால் ஒன்றுகூட அழிந்திருக்காது. சுழற்சியின் நேரம் மட்டும் மாறியிருக்கிறது. இந்த வகை உதிர்வை டெலோஜன் எஃப்ளுவியம் என்று 1961-இல் தோல்நோய் நிபுணர் ஆல்பர்ட் க்ளிக்மன் விவரித்தார்.

முடியின் இரு முனைகளைப் பார்ப்பது

தேவையானவை: ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்புத் தாள், பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு ஸ்கேல். கறுப்புத் தாள் எதற்கு என்றால், கறுத்த முடியின் தண்டு வெள்ளையில் நன்றாகத் தெரியும், ஆனால் ஓய்வு முடியின் அடிக்குண்டு வெள்ளை நிறம், அது வெள்ளைத் தாளில் மறைந்துபோகும். பலர் ‘வேர் இல்லாத முடி’ என்று தவறாக முடிவு செய்வது இதனால்தான். சீப்பிலிருந்தோ தலையணையிலிருந்தோ இருபது முப்பது முடியாவது எடுங்கள். ஒரே ஒரு முடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த முனை வேர்ப்பக்கம் என்று தெரியாவிட்டால் முடியை இரு விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். செதில்கள் நுனியை நோக்கிப் படிந்திருப்பதால் முடி தன் வேர்ப்பக்கமாக நகரும்.

வேர்முனையில் உலர்ந்த, கெட்டியான, குண்டூசித் தலை போன்ற வெள்ளைப் புள்ளி இருந்தால் அது ஓய்வுக் கட்டத்தை முடித்து இயல்பாக விழுந்த முடி. நிறமி முன்பே நின்றுவிட்டதால் அந்த வெள்ளை. ‘வேரோடு பிடுங்கி வந்துவிட்டது, இனி முளைக்காது’ என்று பயப்படுவது இந்தப் புள்ளியைப் பார்த்துத்தான். அந்தப் பயம் தேவையில்லை. பாப்பில்லாவும் தண்டுசெல்களும் தோலுக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே வந்தது காய்ந்த காம்பு மாதிரிதான்.

கறுத்த, ஈரமான, கொஞ்சம் வளைந்த முனையும், அதைச் சுற்றிப் பசை போன்ற கண்ணாடி உறையும் இருந்தால் அது வளர்ந்துகொண்டிருந்த முடி. பலமாகப் பிடுங்கினால் இப்படி வரும், வலிக்கவும் செய்யும். பிடுங்காமலேயே, வலியில்லாமல், இப்படிப்பட்ட முடி கொத்தாக வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சில சிறு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் கட்ட முடியே தளர்வாக இருக்கும் நிலை உண்டு. இழுத்தால் அழாமலே கையோடு வரும்.

குண்டே இல்லாமல் பிய்ந்தோ பிரஷ் நுனி போல விரிந்தோ இருந்தால் முடி உதிரவில்லை, உடைந்திருக்கிறது. இது சுழற்சிப் பிரச்சினையே அல்ல. அதிக சூடு, பிளீச், இறுக்கிக் கட்டுவது, ஈரத்தில் அழுத்தி வாருவது ஆகியவற்றில் காரணத்தைத் தேட வேண்டும். உடைவுக்குச் சத்து மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை.

வேர்ப்பக்கம் பென்சில் சீவியதுபோல் கூராக ஒல்லியாகிப் போயிருந்தால், வளர்ச்சிக் கட்டத்தின் நடுவே செல் பிரிவு திடீரென நின்று, தண்டு மெலிந்து முறிந்திருக்கிறது. புற்றுநோய்க்கான கீமோதெரபியில் இது நடக்கும். இங்கே மூன்று மாதக் கணக்கு பொருந்தாது. வளரும் 85, 90 சதவீத முடி நேரடியாக அடிபடுவதால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள்ளேயே உதிர்வு தொடங்கிவிடும். வட்டமாகக் கொட்டும் அலோபீசியா ஏரியாட்டாவிலும், திட்டின் ஓரத்தில் அடி மெலிந்து மேல் தடித்த, ஆச்சரியக்குறி போன்ற குட்டை முடிகள் நிற்கும்.

இனி மறுமுனை. கத்தரி பட்ட முடியின் நுனி மழுங்கலாக இருக்கும். கத்தரியே படாத முடியின் நுனி ஊசிபோல் மெல்லிதாக முடியும். உதிர்ந்தவற்றில் மூன்று சென்டிமீட்டருக்கும் குட்டையாக, மெல்லிதாக, ஊசிநுனியோடு பல இருந்தால் கவனியுங்கள். அவை சில மாதமே வளர்ந்து விழுந்தவை. வளர்ச்சிக் கட்டம் சுருங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் வீட்டில் கிடைக்காது. பரம்பரை வழுக்கையில் நடப்பது இதுதான். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனால் எளிதில் பாதிக்கப்படும் மயிர்க்கால்களில், ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிக் கட்டம் குறுகும், மயிர்க்காலே சிறுத்துப்போகும், வரும் முடியும் பூனைமுடி போல் ஆகும். மொத்த உதிர்வு எண்ணிக்கை அதிகரிக்காமலேயே தலையில் அடர்த்தி குறையும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ‘கொஞ்சம்தானே விழுகிறது’ என்று ஆறுதல் அடைபவர்கள் தவறவிடுவது இந்த நீளத்தைத்தான்.

எண்ணுவது: மூன்று முறைகள்

நாள் முழுக்க விழும் முடியைப் பொறுக்கி எண்ணுவது நடக்காத காரியம். தரையில், உடையில், வடிகாலில் என்று பாதி போய்விடும். தலைக்குக் குளிக்கும் இடைவெளியும் குழப்பும்: நான்கு நாளுக்கு ஒருமுறை குளிப்பவருக்கு, கழன்று தலைக்குள்ளேயே தங்கியிருந்த நான்கு நாள் முடியும் ஒரே குளியலில் வரும். ‘குளித்தால் கொட்டுகிறது’ என்று குளியலைத் தள்ளிப்போட, அடுத்த முறை இன்னும் பெரிய கொத்து வரும். குளியல் முடியைக் கொட்ட வைப்பதில்லை. கொட்டியதை வெளியே எடுக்கிறது.

அறுபது விநாடிச் சீப்பு எண்ணிக்கை எளிது. மூன்று நாள் தொடர்ந்து காலையில் ஒரே ஷாம்பூவால் தலையை அலசுங்கள். நான்காம் நாள், அலசும் முன், முடியின் நிறத்துக்கு எதிர்நிறத்தில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் குனிந்து, உச்சியின் பின்புறத்திலிருந்து நெற்றியை நோக்கி 60 விநாடி வாருங்கள். துணியிலும் சீப்பிலும் உள்ளதை எண்ணுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். வழுக்கை இல்லாத ஆண்களிடம் செய்த ஆய்வில் சராசரி சுமார் 10 வந்தது. நீளமான முடிக்கு இந்த எண்ணைப் பொருத்த வேண்டாம். உங்கள் எண்ணை உங்கள் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள். சீப்பை மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒரே சீப்பு, ஒரே நேரம்.

அலசல் சோதனை நீளமுடி உள்ளவர்களுக்குப் பொருத்தம். ஐந்து நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்து, பிறகு ஒரு பேசினில் அலசுங்கள். வடிகால் வாயைச் சல்லடைத் துணியால் மூடுங்கள். பேசினிலும் துணியிலும் தங்கிய எல்லா முடியையும் காயவைத்து எண்ணி, 3 சென்டிமீட்டருக்குள் உள்ளவற்றைத் தனியே பிரித்துவையுங்கள். மொத்தம் 100-ஐத் தாண்டி, குட்டை முடி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், டெலோஜன் எஃப்ளுவியம் பக்கம் சாய்கிறது. மொத்தம் 100-க்குள் இருந்து, குட்டை முடி பத்தில் ஒரு பங்கை எட்டினால், பரம்பரைப் பாணி மெலிதல். இரண்டுமே கூடுதல் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. இது அபூர்வம் அல்ல. ஐந்து நாளில் 500 வர வேண்டாமா என்று கேட்கலாம். இடையில் வாரும்போதும் உறங்கும்போதும் பெரும்பகுதி போய்விடும், இங்கே எண்ணுவது அலசலில் வருவதை மட்டும். இன்னொன்று, அடிக்கடி கத்தரிப்பவர்கள் கத்தரித்த துண்டுகளைக் குட்டை முடியில் சேர்த்துவிடக் கூடாது. நுனி கூராக இருக்கிறதா என்று பாருங்கள்.

இழுப்புச் சோதனைக்குச் சுமார் 60 முடியைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் வேரோரம் பிடித்து, சீரான அழுத்தத்தில் நுனிவரை உருவுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் வளரும் முடியும் உடைந்த முடியும் வந்து கணக்கைக் கெடுக்கும். முன்புறம், உச்சி, இரு பக்கம், பின்புறம் என்று பல இடங்களில் செய்யுங்கள். ஆறுக்கு மேல் வந்தால் உதிர்வு அதிகம் என்பது பழைய அளவு. இப்போது ஓரிடத்தில் இரண்டுக்கு மேல் வந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். எல்லா இடத்திலும் சமமாக வந்தால் உடல் முழுவதையும் தொட்ட காரணம் இருக்கக்கூடும். உச்சியில் மட்டும் வந்து பின்புறத்தில் வரவில்லை என்றால் பரம்பரைப் பாணியை யோசிக்கலாம்.

அடர்த்திக்கு நீளமுடிக்காரர்கள் குதிரைவாலின் சுற்றளவை ஒரு நூலால் அளக்கலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுற்றளவு 8 சென்டிமீட்டரிலிருந்து 7 ஆனால் ‘ஒரு சென்டிமீட்டர்தானே’ என்று தோன்றும். பருமன் சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது: 49-ஐ 64-ஆல் வகுத்தால் 0.77. கிட்டத்தட்ட கால்வாசி முடி போயிருக்கிறது.

காலண்டரைப் பின்னோக்கித் திருப்புவது

உதிர்வு கூடியதை முதலில் கவனித்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு முதல் நான்கு மாதம் பின்னால் போய், அந்த ஜன்னலுக்குள் என்ன நடந்தது என்று தேடுங்கள். கடும் காய்ச்சல், கோவிட் அல்லது டெங்கு, அறுவைச்சிகிச்சை, பிரசவம், அதிக ரத்த இழப்பு, குறுகிய காலத்தில் பல கிலோ எடை குறைத்தது, புரதம் மிகக் குறைந்த உணவு, பெரும் மன அதிர்ச்சி, கருத்தடை மாத்திரையை நிறுத்தியது. மருந்துப் பட்டியலையும் பாருங்கள்: ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுப்பது), ரெட்டினாய்டு வகை (வைட்டமின் ஏ சார்ந்தவை), வால்புரோயேட் (வலிப்பு மருந்து), பீட்டா பிளாக்கர் (இதய, ரத்த அழுத்த மருந்து) ஆகியவை உதிர்வைத் தூண்டக்கூடியவை. சந்தேகம் வந்தாலும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு மருந்தையோ இதய மருந்தையோ திடீரென விடுவது முடி உதிர்வைவிடப் பல மடங்கு ஆபத்து.

ஓர் எடுத்துக்காட்டு. ஜனவரி 10-இல் ஒரு வாரக் காய்ச்சல். வளர்ந்துகொண்டிருந்த பல முடிகள் சில வாரத்தில் ஒடுங்கி ஓய்வுக்குப் போகின்றன. பிப்ரவரியில் உடல் தேறிவிடும், தலையில் எந்த மாற்றமும் தெரியாது. மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் உதிர்வு தொடங்கும். ஏப்ரல், மே உச்சம். ஜூலைவாக்கில் அடங்கத் தொடங்கும். ஏப்ரலில் ஆரம்பித்த ஏதோ ஒரு எண்ணெய்க்கோ மாத்திரைக்கோ ஜூலையில் ‘நின்றுவிட்டது’ என்று பெயர் கிடைத்துவிடும். அது ஒன்றுமே செய்யாதிருந்தாலும் ஜூலையில் உதிர்வு நின்றிருக்கும்.

பிரசவத்துக்குப் பின் வரும் உதிர்வு கொஞ்சம் வேறு வகை. கர்ப்பகால ஹார்மோன்கள் பல முடிகளை வளர்ச்சிக் கட்டத்திலேயே நீட்டித்து வைத்திருக்கும். அதனால்தான் கடைசி மாதங்களில் தலை அடர்த்தியாகத் தெரியும். பிரசவமானதும் அந்தத் தடை நீங்கி, தள்ளிப்போன முடிகள் எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு மாதத்தில் கொட்டும். பெரும்பாலும் ஓராண்டுக்குள் சரியாகும். அதே வீட்டில் குழந்தைக்கும் பின்மண்டையில் முடி போகும். தலையணை உரசியது என்பார்கள். உண்மையில் பின்மண்டை முடிகள் குழந்தை பிறக்கும் சமயத்தில்தான் ஒரே தொகுதியாக ஓய்வுக்குப் போகின்றன. எட்டுப் பன்னிரண்டு வாரத்தில் உதிர்கின்றன. உரசல் அதைக் கொஞ்சம் முந்திவைக்கும், அவ்வளவே.

ஜன்னலுக்குள் எதுவும் கிடைக்கவில்லை, உதிர்வும் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது என்றால் ஒரு நாள் நிகழ்வைத் தேடுவதை விட்டுவிட்டு, தொடர்ந்து நடப்பதைத் தேட வேண்டும்: இரும்புச்சத்துக் குறை, தைராய்டுக் கோளாறு, நீண்டநாள் நோய், தொடர்ந்து சாப்பிடும் மருந்து, போதாத உணவு. இங்கே ரத்தப் பரிசோதனை அவசியம். வழக்கமாக முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிஎஸ்எச் (தைராய்டு நிலையைக் காட்டும் ஹார்மோன்) பார்ப்பார்கள். முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டு வந்தால் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டவைக்கும். இன்னொரு பக்கம், வைட்டமின் ஏ-யும் செலினியமும் அளவு மீறினால் அவையே முடியை உதிர்க்கும். குறைபாடு இல்லாதவர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று விழுங்கக் கூடாதவை இவை.

எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்

காரணம் நீங்கியபின் உதிர்வு அடங்க மூன்றிலிருந்து ஆறு மாதம். அடர்த்தி கண்ணுக்குத் தெரிய அதைவிட நிறைய. மாதம் ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தை யாரும் ஏமாற்ற முடியாது. தோள்வரை 30 சென்டிமீட்டர் என்றால், புதிதாக முளைத்த முடி அங்கே சேர இரண்டரை ஆண்டு. அதுவரை குதிரைவாலின் அடிப்பகுதி மெலிந்தே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் உதிர்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். மீட்சியை நெற்றியோரத்திலும் வகிட்டிலும் தேடுங்கள். ஊசிநுனியோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முடிகள் படியாமல் சிலிர்த்து நின்றால் புதிய சுற்று தொடங்கிவிட்டது. அவற்றை உடைந்த முடி என்று நினைத்துக் கத்தரித்துவிடுபவர்கள் உண்டு. நுனியைப் பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

‘என் முடி வளர்வதே இல்லை’ என்பவர்கள் சாயம் பூசிய நாளைக் குறித்துவைத்து, சரியாக 30 நாள் கழித்து வேரோரம் சாயம் இல்லாத பகுதியை அளக்கலாம். 9 முதல் 12 மில்லிமீட்டர் இருந்தால் வேகத்தில் குறையில்லை. ஒன்று நுனி உடைகிறது, அல்லது வளர்ச்சிக் கட்டமே குறுகியது. உதிர்ந்த முடியின் நுனி பிய்ந்திருந்தால் முன்னது. முழு நீளத்திலும் ஊசிநுனியோ, பழைய கத்தரி வெட்டோ அப்படியே இருந்தால் பின்னது.

எது எந்தக் கட்டத்தைத் தொடும்

கத்தரிப்பதும் மழிப்பதும் எந்தக் கட்டத்தையும் தொடாது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியலாளர் மழித்த முடியை அளந்து பார்த்து, வேகமும் தடிமனும் மாறவில்லை என்று எழுதிவிட்டார். ஊசிநுனி போய் மழுங்கிய நுனி வெளியே நீட்டுவதால் கைக்குச் சொரசொரப்பாக, தடித்ததுபோல் தெரிகிறது. ஷாம்பூ, கண்டிஷனர், எண்ணெய் எல்லாம் ஏற்கெனவே இறந்த தண்டுக்குத்தான். உடைவைக் குறைக்கலாம், சுழற்சியை நகர்த்தாது.

தலையில் தடவும் மினாக்ஸிடில் சுழற்சியைத் தொடும். ஓய்விலுள்ள மயிர்க்காலை முன்கூட்டியே வளர்ச்சிக்குத் தள்ளுகிறது. அதனால் பழைய முடிகள் சீக்கிரம் கழன்று, இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் உதிர்வு கூடும். பலர் பயந்துபோய் நிறுத்துவது சரியாக இந்த இடத்தில்தான். மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அறிகுறி அது. ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல் ஒரு முறைக்கு 1 மில்லி, நாளுக்கு இரண்டு முறை என்பது வழக்கமான அளவு. உலர்ந்த தலையில், முடியில் படாமல் தோலில் படும்படி தடவ வேண்டும். நான்கு மாதத்துக்கு முன் தீர்ப்பு சொல்லக் கூடாது. நிறுத்தினால் கிடைத்தது சில மாதத்தில் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை: தலையணையில் பட்டதை நக்கினால்கூடப் பூனையின் உயிருக்கு ஆபத்து. ஃபினாஸ்டரைடு ஆண்களின் பரம்பரை வழுக்கையில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து வளர்ச்சிக் கட்டத்தை நீட்டுகிறது. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

முடி நடுதலில் நட்ட முடி இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் உதிரும். மயிர்க்கால் அதிர்ச்சியில் ஓய்வுக்குப் போகிறது, அவ்வளவுதான். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும்.

வேண்டாத முடியை நீக்கும் லேசர் சிகிச்சையும் இதே சுழற்சியை நம்பியிருக்கிறது. ஒளியை உறிஞ்ச நிறமி வேண்டும், நிறமி குமிழில் இருப்பது அனாஜனில் மட்டும். ஓய்விலுள்ள மயிர்க்கால் அன்று தப்பிவிடும். ஆகவே நான்கிலிருந்து எட்டு வார இடைவெளியில் பல முறை தேவைப்படுகிறது. சிகிச்சைக்கு முந்தைய ஒரு மாதம் மழிக்கலாம். வேக்ஸ் செய்வதும் பிடுங்குவதும் கூடாது. இலக்கையே பிடுங்கி எறிந்துவிட்டால் லேசருக்கு வேலை இல்லை.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

வட்டமான வழுக்கைத் திட்டு, புருவமும் சேர்ந்து கொட்டுவது, தலையில் எரிச்சல், வலி, சீழ், குழந்தைகளுக்குச் செதிலோடு கூடிய திட்டு, வலியில்லாமல் கறுத்த வேர்முனையோடு வரும் முடி: இவற்றில் எது இருந்தாலும் காலண்டர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தோல் வழவழப்பாகி, மயிர்க்கால் துளைகளே தெரியாமல் போயிருந்தால் மிக அவசரம். அது வடு உண்டாக்கும் வகை. அங்கே தண்டுசெல் மேடே அழிகிறது. அழிந்த மயிர்க்கால் திரும்பி வராது, மீதியைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

மருத்துவரிடம் போகும்போது உதிர்வு தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய ஆறு மாத நிகழ்வுகள், மருந்துகள், எடை மாற்றம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். முந்தைய நாள் உதிர்ந்த முடியை ஒரு உறையில் போட்டுக்கொள்ளுங்கள், கசக்காமல், வேர்முனை தெரியும்படி. மாதம் ஒரு படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள்: உலர்ந்த முடி, ஒரே வகிடு, ஒரே விளக்கு, ஒரே தூரம். ஈரத்தலையில் எடுத்த படமும் உலர்ந்த தலையில் எடுத்த படமும் ஒப்பிட உதவாது. ஈரத்தில் எல்லோருக்கும் வகிடு அகலமாகத்தான் தெரியும்.